ராஜா பிறந்த தீட்டு

உள்ளே வாம்மா, வாசல்ல நின்னா வெயில் மண்டையைப் பொளந்துடும். வண்டி அச்சு முறிஞ்சா நீ என்ன பண்ணுவே. ஆசாரி வந்து சரி பண்றதுக்குச் சாயங்காலம் ஆயிடும். உங்காத்துக்காரரும் கூட வந்த ஆட்களும் அங்கேயே மரத்தடியில இருக்கட்டும், நீ கொழந்தையோட இப்படிக் கூடத்துல உக்காரு. எங்களைப் பாத்துத் தயங்காதே. ரெண்டு பேருமே முக்காடு போட்டவாதான், தெரியறது. நல்ல காரியமாப் புறப்பட்டிருந்தேன்னா, நீ வண்டி ஏறறச்சே நாங்க எதிரே வரமாட்டோம், உள்ளேயே இருந்துப்போம். அந்த வழக்கமெல்லாம் எங்களுக்கும் தெரியும்.

ஏண்டி, மோர் கொண்டா. கொழந்தைக்கு உப்புப் போடாம தனியாக் கொஞ்சம்.

பொண் கொழந்தையா? இது ஒண்ணுதானா? சரி, க்ஷேமமா இருக்கட்டும். எனக்கும் ஒண்ணே ஒண்ணு, பிள்ளை. வைத்தியநாதன்னு பேர். வைத்தான்னுதான் நான் சொல்றது. கோட்டையில இருக்கான். நீயும் உறவுக்காரா ஆத்துக்குன்னு கோட்டைக்குத்தானே போறே? அந்தக் கோட்டையிலதான். இங்கே வந்து எட்டிப் பாக்கறதில்லே. அதுக்காக அவனைக் குத்தம் சொல்லிடவும் முடியாது, அவனுக்கு ஆயிரம் ஜோலி. அவன்தானே ராஜா.

ஏன் அவ முகத்தைப் பாக்கறே? எனக்குப் புத்தி ஒண்ணும் கலங்கலை. இந்தத் தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுக்கோ, இந்த வாலாம்பா மடியில ராஜா பிறந்தார்னு சொல்லுவா. சிரிச்சுண்டு சொல்லுவா, ஆனாச் சொல்லுவா. இதோ மோர் கொண்டு வந்தாளே, இவ என் வயத்துல பிறந்தவ இல்லே, எங்காத்துக்காரரோட மூத்த தாரத்துப் பொண்ணு. சௌந்தரம்னு அவ அம்மா வெச்ச பேர். நான் ரெண்டாம் தாரமா வாழ்க்கைப்பட்டு வரச்சே இவளுக்கு மூணு வயசு. பேசமாட்டா. எதைக் கேட்டாலும் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். தப்பா நினைச்சுக்காதே.

ஹிரண்யகர்ப்ப தானம்னு கேள்விப்பட்டிருப்பியே? தங்கத்துல பசு வார்த்து, அதோட வயத்துக்குள்ளே ராஜா போய் உக்காந்து, திரும்பவும் பிறந்து வரணும். பிறந்தப்புறம் அந்தத் தங்கத்தை வெட்டிப் பிராம்மணாளுக்குத் தானம் பண்ணிடணும். அப்படிப் பிறந்து வந்தவன் மனுஷப் பிறவி இல்லே, தேவப் பிறவி. எங்க ராஜாவோட தாத்தா குதிரை மேய்ச்சவர்னு பக்கத்து ராஜ்யத்துல பேசிப்பா. அப்படிப் பேசற வாயை அடைக்க ராஜாவுக்கு அந்தப் பிறப்பு வேண்டியிருந்தது.

பிறந்து வரவரை ஏந்திக்க ஒரு சுமங்கலி வேணுமில்லையா, அது ராஜகுருவோட பத்தினிதான் செய்யணும். ராஜகுருவுக்குப் பத்தினி போயிட்டா. அப்போ சிஷ்யாள் ஆத்துல தேடினா. மடி நிறைஞ்சவளா, நாலு பெத்தவளாப் பாப்பான்னுதானே நீ நினைப்பே? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனாப் பிள்ளை பெத்தவ ஒருத்தியும் வேண்டாம்னுட்டா அரண்மனையில. அவ பிள்ளை நாளைக்கு ராஜாவுக்கு அண்ணன்னு சொல்லிண்டு வந்து நின்னா என்ன பண்றதுன்னு பயம். அதனால வெறும் மடியாத் தேடினா. என்னைக் கண்டுபிடிச்சா.

இந்த ஊர்ல என்னைச் சீமந்தத்துக்குக் கூப்பிட மாட்டா தெரியுமோ. கூப்பிட்டாலும் கடைசியில, எல்லாரும் எழுந்து போனப்புறம், வெத்தலைபாக்கு வாங்கிண்டு போன்னு சொல்லி அனுப்புவா. அப்படிப்பட்டவளை அரண்மனையிலேர்ந்து பல்லக்கு வெச்சுக் கூப்பிட்டா. தெருவே வாசல்ல நின்னு பாத்தது. எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கறதுக்கு என்ன இருக்கு.

அந்தப் பசுவைப் பாத்திருக்கணும் நீ. ஆள் உசரம். பின்பக்கம் கதவு மாதிரி திறக்கும். அதுக்கு எல்லாம் முறைப்படி பண்ணினா. கர்ப்பாதானம், பும்சவனம், சீமந்தம், ஒண்ணு விடலை. பசுவோட வகிடு இருக்கற இடத்துல முள்ளம்பன்றி முள்ளாலே கோடு இழுத்தார் ராஜகுரு. எனக்கு நடக்காத சீமந்தத்தைப் பக்கத்துல நின்னு பாத்துண்டிருந்தேன். அப்பவே அந்தக் கோடு என் வகிட்டுல விழற மாதிரி இருந்தது. பொய் சொல்லலை.

அப்புறம் ராஜா உள்ளே போனார். முழங்காலுக்கு நடுவுல தலையை வெச்சுக் குறுக்கிண்டு உக்காரணும், மூச்சை அடக்கிண்டு. உள்ளே காத்தே கிடையாது. கதவைத் திறந்ததும் தலைகுப்புற வெளியே வந்தார், நான் மடியில வாங்கிண்டேன். நல்ல கனம். பசுவுக்குள்ளே நெய் வார்த்திருந்ததால மீசையெல்லாம் நெய். குழந்தை மாதிரி அழணும்னு விதி, அழுதார். சபையில நாலு பேர் வாயைப் பொத்திண்டு சிரிச்சா. ஆனா அது வெறும் வேஷமில்லே. கண்ணுல ஜலம் வந்தது. நெய்தான்னு அப்புறம் எல்லாரும் சொன்னா. நெய்க்கும் கண்ணீருக்கும் வித்தியாசம் மடியில வெச்சிண்டிருந்த எனக்குத் தெரியாதா?

நான் தட்டிக் கொடுத்து ஆட்டினேன். அப்போ என் காதோட, வேற யாருக்கும் கேக்காம, "கால் மரத்துப் போச்சு"ன்னான். அவன்தான் சொன்னான். நான் தலைப்பால மூடிண்டு வலக் காலைப் பிடிச்சு விட்டேன். இன்னி வரைக்கும் என் பிள்ளை எங்கிட்ட பேசின பேச்சு அது ஒண்ணுதான்.

என்னடி அங்கே நிக்கறே? குழந்தை அவகிட்ட ஒட்டிண்டுடுத்து பாரேன். வெச்சுக்கட்டும், நீ சித்தே காலை நீட்டிக்கோ. அவளுக்குக் குழந்தைன்னா உசிர்.

எங்கே விட்டேன்? ஆமா, பிறந்தாச்சு, அடுத்தது தீட்டு. மறுநாள் காலம்பற பசுவை வெட்டித் தானம். ஏந்திண்டவளுக்குப் பசுவோட மடின்னு முன்கூட்டியே பேசியிருந்தா. மத்தவாளுக்குக் கால், கொம்பு, வால். எனக்கு மடி. என் கையில தரமாட்டா, எங்காத்துக்காரர்தான் ஜலம் விட்டு வாங்கிக்கணும். அவர் விடியறதுக்கு முன்னே ஸ்நானம் பண்ணி, விபூதி இட்டுண்டு, புறப்படப்போறார். நான் கோட்டையில எங்களுக்கு விட்டிருந்த ஜாகையில ஒரு மூலையில ஒதுங்கி உக்காந்திருக்கேன். என்னடி இதுன்னார். தீட்டுன்னேன். என்ன தீட்டுன்னார். பிள்ளை பெத்திருக்கேன், பத்து நாள் தீட்டு, உங்களுக்கும்தான், தானம் வாங்கப்படாதுன்னேன்.

முதல்ல சிரிச்சார். அப்புறம் கோவிச்சிண்டார். அப்புறம் கெஞ்சினார், பாவம். என் எதிரே கையைக் கட்டிண்டு நின்னார், அவர் அப்படி ஒருத்தர் முன்னாடியும் நின்னதில்லே. ராஜகுருவையே கூட்டிண்டு வந்துட்டார். அவர் வாசப்படிக்கு வெளியே நின்னுண்டு, "அம்மா, இது ஒரு உபசாரம்தான், பேருக்குப் பிறந்த மாதிரி, இதுக்குத் தீட்டெல்லாம் கிடையாது"ன்னார். நான் உள்ளேயிருந்து ஒண்ணே ஒண்ணு கேட்டேன். தீட்டு இல்லேன்னா, நேத்து ராஜா பிறக்கலையான்னு கேட்டேன்.

அவ்வளவுதான். ராஜகுரு தெருப்பக்கம் திரும்பிப் பாத்தார். பக்கத்து ராஜ்யத்துப் பண்டிதாள் ரெண்டு பேர் அந்தத் தெருவுலதான் ஜாகை. அவா காதுல விழுந்தா என்ன ஆகும்? பிறந்ததுன்னா தீட்டு உண்டு. தீட்டு இல்லேன்னா பிறக்கலை, தாத்தா குதிரை மேய்ச்சவர்தான். கடைசியில தீட்டு உண்டுன்னு சொல்லிட்டுப் போயிட்டார். மடியை அவரோட மாப்பிள்ளை வாங்கிண்டான்.

நான் ஒண்ணும் ஜெயிச்சுட்டேன்னு சொல்லிக்கலை. ஆனா நியாயம் நியாயம்தானே.

எங்காத்துக்காரர் திரும்பி வர வழியெல்லாம் பத்தடி முன்னாடியே நடந்தார். இவளுக்குக் கல்யாணம் நிச்சயம் பண்ணியிருந்தார், கனபாடிகள் ஒருத்தரோட பிள்ளைக்கு. நல்ல பையன், பாக்க லட்சணமா இருப்பான். அந்தத் தங்கத்தை நம்பித்தான் வாக்குக் கொடுத்திருந்தார். அவா ஆறு மாசம் பொறுத்துப் பாத்துட்டு வேற இடம் போயிட்டா. அவா குணம் அப்படி. தங்கத்துக்காகப் பொண் எடுக்கறவா ஆத்துல வாழ்ந்து என்னத்தைக் கண்டிருக்கப் போறா இவ? நான் அப்பவே அவர்கிட்டச் சொன்னேன், ஒரு பொண்ணு கழுத்துல நகை ஏறலைங்கறதுக்காக ராஜா பிறந்ததைப் பொய்யாக்கிட முடியுமான்னு.

வயசு ஏறிண்டே வந்தது. பெரியவளாயிட்டா ஊர் சும்மா இருக்குமா. ஒண்ணும் கேக்காத இடமா ஒருத்தர் வந்தார், இவ அப்பாவைவிட மூத்தவர். கொடுத்தாச்சு. மறு வருஷமே இவ திரும்பி வந்துட்டா, இந்தக் கோலத்துல. அவ ஜாதகம் அது. யாரை நோவறது? நல்லவதான். அடுப்பு, கிணறு, மாடு எல்லாம் அவதான் பாத்துக்கறா. ராத்திரி என் காலுக்கு எண்ணெய் தேச்சு விடறா. சுமாராத்தான் தேப்பா, கையில அழுத்தம் போறாது. எங்காத்துக்காரர் போனப்புறம் நாவிதன் ஒரே நாள்ல வந்து ரெண்டு பேருக்கும் முடிச்சுட்டுப் போயிடறான், அது ஒரு சௌகரியம்.

என் பிள்ளை கதையை விட்டுட்டேன். பத்து நாள் காத்தேன், அந்த ஜாகையிலேயே. பெத்தவளுக்கு இன்னும் கூடத்தான் உண்டு, பரதேசத்துல பத்தோட நிறுத்திண்டேன். பதினோராம் நாள் புண்யாகவாசனம் பண்ணி, தட்டுல அரிசி பரப்பி, அதுல பேர் எழுதினேன். வைத்தியநாதன். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து மனசுக்குள்ளே வெச்சிருந்த பேர் அது. குழந்தை இல்லாமலே பேர் வெச்சேன்னு சொல்லாதே, அரண்மனை அங்கேர்ந்து நாலு தெரு. அவன் அங்கேதானே இருந்தான்.

அப்புறம் எதிர்பாத்தேன். தலைதீபாவளி மாதிரி ஏதாவது ஒரு சாக்கு வெச்சுண்டு ஒருநாள் வருவான்னு. இந்த வழியா ரெண்டு தடவை படை போச்சு. முதல் தடவை அப்பம் வார்த்து வெச்சிண்டு நின்னேன். யானைமேல அம்பாரிக்குத் திரை போட்டிருந்தது, அவன் இருந்தானா இல்லையான்னே தெரியலை. எங்காத்துக்காரர் போனபோதாவது வரணுமோல்லியோ? அப்பாதானே? ஆளை விட்டுச் சொல்லி அனுப்பினேன். ஒரு பட்டும் ஒரு சந்தனக் கட்டையும் வந்தது. பக்கத்தாத்துத் தாயாதிதான் கொள்ளி போட்டான். சபையில எனக்கு மானம் போயிடுத்து. பிள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்கறச்சே தாயாதி எதுக்கு?

இப்ப என் கதையும் முடியப்போறது. கால் பாரு, எப்படி வீங்கியிருக்கு. வைத்தியர் நாடியைப் பிடிச்சுப் பாத்துட்டு எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை, கொல்லையில நின்னு இவகிட்டச் சொல்லிட்டுப் போனார். இவ வந்து கஷாயத்தைக் கொடுத்தா, கண் சிவந்திருந்தது. புகைன்னு அடுப்பைக் காட்டினா. எனக்குத் தெரியாதா என்ன. அதனாலதான் உன்னை உள்ளே கூப்பிட்டேன், நேராச் சொல்லிடறேனே. கோட்டைக்குப் போற பொம்மனாட்டி கிடைக்கணும்னு காத்திண்டிருந்தேன். ஆம்பளைகள் சொன்னா எடுபடாது, நடுவுல இருக்கறவா மறைச்சுடறா. நீ அந்தப்புரத்துப் பக்கம் யார் மூலமாவது சேதி சேத்துடு. எனக்குப் பட்டு வேண்டாம், சந்தனம் வேண்டாம். வந்து கொள்ளி வெச்சுட்டுப் போகச் சொல்லு. அது ஒண்ணு போதும். எனக்கு பயமா இருக்கும்மா. பெத்தும் பெறாதவளாப் போயிடுவேனோன்னு இருக்கு.

என்ன கேக்கறே? கொஞ்சம் உரக்கச் சொல்லு.

பத்து நாள் நிஜமாவே காக்கணுமான்னா? காக்காட்டாப் பிறப்பு பொய்யாயிடுமான்னா?

நீ எதுக்கு இதைக் கேக்கறே? இப்படித் திரும்பு. என் முகத்தைப் பாத்துச் சொல்லு, நீ எதுக்குக் கோட்டைக்குப் போறே? உறவுக்காரா ஆத்துக்குன்னு சொன்னியே.

ஓஹோ.

மறுபடியுமா? ராஜாவுக்கு ஜாதகத்துல கண்டமா. பசு வார்த்தாச்சா. உன்னைத்தான் சொல்லியிருக்காளா. உனக்குப் பொண்ணு மட்டும்தானே, பிள்ளை இல்லே, அதனால சரின்னிருப்பா. ஆமா, அவா அப்படித்தான் பாப்பா. மரத்தடியில நிக்கற அந்த ஆட்கள் அரண்மனைக்காராளா? நான் ஏதோ துணைக்கு வந்தவான்னு நினைச்சேன்.

இரு. கொஞ்சம் இரு. எனக்கு ஒண்ணு புரியலை. ஒருத்தன் எத்தனை தடவைதான் பிறப்பான்? குதிரை மேய்ச்ச வம்சம் போய்த்தானே என் பிள்ளை வந்தான். அந்தப் பழைய ராஜாவுக்கு நானே மனசுல எள்ளும் ஜலமும் விட்டேன். இப்ப உன் மடியில ஒருத்தன் பிறக்கப்போறான்னா, என் மடியில பிறந்தவன் என்ன ஆனான்?

போயிட்டான். அதான் அர்த்தம். எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலை. பெத்தவகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணலை. வண்டி அச்சு முறியலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது.

நீ அழாதே. உன்மேல ஒரு தப்பும் இல்லே, நீ சின்னவ, கூப்பிட்டா போறே. நான் சொல்றதைக் கேட்டுக்கோ. கதவைத் திறந்ததும் முதல்ல தலையைத் தாங்கு, தோளைப் பிடிச்சு இழுக்காதே. நெய் வழுக்கும், புடவைத் தலைப்பை முன்னாடியே கையில சுத்தி வெச்சுக்கோ. வலக் கால்தான் மரத்துப் போயிருக்கும். சபைக்கு எதிரே கேக்க வெக்கப்படுவான். நீயே பிடிச்சு விட்டுடு.

தீட்டா? பத்து நாள் காக்கத்தான் வேணும். பெத்தவளே காக்காட்டா வேற யார் அதை நிஜம்னு...

என்னடி? என்ன சொன்னே?

காக்க வேண்டாமா? "காக்காதீங்கோம்மா, உங்காத்துக்காரர் கையை நீட்டி வாங்கிக்கட்டும், இந்தக் கொழந்தைக்குக் கல்யாணம் பண்ணணும்"னா சொல்றே? உன்னை யார் கேட்டா? இத்தனை வருஷமா ஒரு வார்த்தை பேசாதவ, ஊர் பேர் தெரியாதவாகிட்ட இன்னிக்கு என்ன பேச்சு இது? சாஸ்திரம் உனக்குத் தெரியுமா? கொழந்தையை அப்படி இறுக்கிண்டு நிக்காதேடி, அதுக்கு மூச்சு முட்டப்போறது. அம்மாகிட்டக் கொடு. கொடுன்னா.

அவளுக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நீ காதுல போட்டுக்காதே. உன் முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? வாசல்ல கூப்பிடறா பாரு, அச்சு சரியாயிடுத்து போல. கிளம்பு. நாங்க எதிரே வரலை. வாசக் கதவை நீயே சாத்திண்டு போயிடு, எனக்கு இனிமே தீட்டு.

போயிட்டாளா?

கிணத்தடியில தண்ணி எடுத்து வை, நான் ஸ்நானம் பண்ணணும். எதுக்குன்னா கேக்கறே? வைத்தா போயிட்டான்டி. நீயும் பண்ணு, உனக்குத் தம்பி. பச்சைத் தண்ணி ஒத்துக்காதுன்னு வைத்தியர் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கு, இதுக்கு வெந்நீர்ல பண்ணுவாளா யாராவது? சரி, நீ வெச்சது வெச்சுட்டே, கொஞ்சம் விளாவிக் கொண்டா.

இனிமே எனக்குன்னு யார் இருக்கா, சொல்லு. இருந்தது ஒருத்தன், அவனும் போயிட்டான். தாயாதி கையாலதான்னு எழுதியிருக்கு. யாரும் இல்லே எனக்கு, யாருமே இல்லே. சௌந்தரம், அங்கேயே நின்னுண்டிருந்தா எப்படி, இப்படி வந்து உக்காரு. இதைப் பிடிச்சு விடு, எழுந்திருக்க முடியலை. கால் மரத்துப் போச்சு.